முதல் வருட ஹொஸ்டல்: எத்தனை கம்பளி கொண்டு போகோணும்?

கிளிநொச்சி அக்கா, செப்டெம்பர் 14, இரவு 8.40

தம்பிக்குப் பேராதனையில பொறியியல் கிடைச்சிருக்கு. ஹொஸ்டலும் தருகினமாம். இங்க வெயிலில காய்ஞ்ச பிள்ளை, அங்கத்தைக் குளிரைத் தாங்குமோ தெரியேல்ல. அம்மா மூண்டு கம்பளி வாங்கி வச்சிருக்கிறா, பெரிய ஃபிளாஸ்க், வாளித் தண்ணியைச் சுட வைக்கிற ஹீட்டர் கொயில் எல்லாம் லிஸ்ட்டில இருக்கு. மலைநாட்டு ஆக்கள் சொல்லுங்கோ: எத்தனை கம்பளி?

ஹந்தானை, செப்டெம்பர் 14, இரவு 9.05

ஒண்ணு போதும்.

ஹந்தானை, செப்டெம்பர் 14, இரவு 9.31

சும்மா ஒத்தை வரியில விட்டா அம்மா நம்ப மாட்டாங்க, அதனால விளக்கமா எழுதுறேன். பேராதனை கடல் மட்டத்துல இருந்து 500 மீட்டர் வாக்குலதான் இருக்கு. நுவரெலியா 1,868 மீட்டர். ரெண்டையும் ஒண்ணா நினைச்சுத்தான் வடக்குல இருந்து வர்றவங்க கம்பளி மூட்டையோட இறங்குறாங்க. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமார் ஆறரைப் பாகை குறையும், அதுதான் கணக்கு. பேராதனையில டிசம்பர், ஜனவரி விடியக்காலையில மட்டும் கொஞ்சம் கடிக்கும். மத்தியானம் வியர்க்கும்.

அங்க ஆளைப் படுத்துறது குளிர் இல்ல, ஈரம். துவைச்ச துணி காயாது, துவாய் நாறும், சப்பாத்துல பூஞ்சணம் பிடிக்கும். அதுக்குத்தான் ஆயத்தமா வரணும். தடிச்ச கம்பளி ஒருமுறை நனைஞ்சா ஒக்டோபர் மழையில அஞ்சு நாளைக்குக் காயாது. அதுக்குப் பதிலா மெல்லிய போர்வை ரெண்டு கொண்டு வரச் சொல்லுங்க. குளிர்னா ரெண்டையும் சேர்த்துப் போர்த்தலாம். ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற காத்துதான் சூட்டைப் பிடிச்சு வைக்கும். ஒண்ணைத் துவைச்சா மத்தது இருக்கும்.

ஆசிரிய மாணவி, பத்தனை, செப்டெம்பர் 15, காலை 5.50

ஹந்தானை சொல்றது பேராதனைக்கு மட்டும். இதை வாசிச்சிட்டு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு ஒத்தைப் போர்வையோட வந்துடாதீங்க. பத்தனை 1,200 மீட்டரைத் தாண்டும். அவர் கணக்குப்படியே நாலரைப் பாகை குறைவு, காத்து வேற. இங்க கம்பளி ஒண்ணு, போர்வை ஒண்ணு, காலுறை நாலு சோடி, காதை மூடுற தொப்பி எல்லாம் வேணும். ரெண்டு வருசம் உள்ள தங்கிப் படிச்சிட்டு மூணாவது வருசம் பாடசாலைக்குப் பயிற்சிக்குப் போறது, அதனால சாமானை ரெண்டு மழைக்காலத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டணும்.

சாரி கட்டுற பிள்ளைகளுக்கு: பருத்திச் சாரி அழகுதான், ஆனா இங்க காய ரெண்டு மூணு நாள். ஜோர்ஜெட் காலையில போட்டா பின்னேரம் எடுக்கலாம். அஞ்சு சாரின்னா நாலு ஜோர்ஜெட்டா இருக்கட்டும். உள்பாவாடைதான் உண்மையான தொல்லை. அது எப்பவும் பருத்தி, இடுப்புப் பட்டி மட்டும் ஈரமாவே கிடக்கும். அதுல ஆறு வேணும்.

கிளிநொச்சி அக்கா, செப்டெம்பர் 15, காலை 7.15

நன்றி. அம்மா ஒரு கம்பளியைத் திருப்பிக் குடுத்திட்டா. மற்ற ரெண்டையும் விடமாட்டாவாம். ஹீட்டர் கொயில்?

வயர்மேன், செப்டெம்பர் 15, பகல் 12.20

கொயிலை வீட்டிலேயே வைச்சிட்டு வரச் சொல்லுங்க. பொதுவா எந்த ஹொஸ்டல்லயும் அனுமதி இல்ல, பிடிச்சா எடுத்துடுவாங்க. ஆனா சட்டத்துக்காகச் சொல்லல, கணக்குக்காகச் சொல்றேன்.

பழைய ஹோல்கள்ல, அதாவது ஹொஸ்டல் கட்டடங்கள்ல, அறைக்குள்ள இருக்கிறது அஞ்சு அம்பியர் வட்டப் பின் பிளக்தான் அதிகம். நம்ம கரண்ட் 230 வோல்ட். அதை அஞ்சால பெருக்கினா 1,150 வாட், அதோட அந்தப் பொயின்ட் முடிஞ்சுது. ஆயிரம் வாட் கொயில் தனியா 4.3 அம்பியர் இழுக்கும், விளிம்புல நிக்குது. கேத்தல் 1,500 வாட்ல இருந்து 2,000 வரைக்கும் இருக்கு, அது ஆறரையில இருந்து எட்டே முக்கால் அம்பியர். அந்தப் பொயின்ட்டுக்கு அது போடவே கூடாத சாமான். பக்கத்து அறையில ஒருத்தர் அயர்ன் போட்டா, இன்னொருத்தர் கேத்தல் போட்டா, கீழ ட்ரிப் சுவிட்ச் விழும். முழு விங்கும் இருட்டு. ட்ரிப் விழுந்தா நல்ல காலம். விழாம வயர் சூடேறுறதுதான் ஆபத்து: சுவருக்குள்ள இருக்கிற பழைய வயரோட உறை காய்ஞ்சு உதிரும், வெளியில ஒண்ணும் தெரியாது.

பிளக் பற்றியும் ஒண்ணு. இப்போ வாங்குற சார்ஜர் எல்லாம் சதுரப் பின், 13 அம்பியர். வட்டப் பொயின்ட்டுல போட அடாப்டர் வேணும். தெருவுல விக்கிற மெல்லிய அடாப்டர்ல உள்ள இருக்கிறது தகரத் துண்டு, பின்னை இறுக்கிப் பிடிக்காது. பிடி தளர்ந்தா பொறி பறக்கும், பிளாஸ்டிக் பழுப்பாகும். பழுப்பு நிறம் கண்டா அன்னைக்கே எறிஞ்சிடுங்க. போன் சார்ஜர், லெப்டொப், மேசை விளக்கு, சின்னக் காத்தாடி நாலையும் சேர்த்தாலும் 200 வாட் வராது. அதுக்கு உருகி இருக்கிற, சுவிட்ச் இருக்கிற மல்டி பிளக் ஒண்ணு, மூணு மீட்டர் வயரோட, போதும்.

பசறை ரோட்டு, செப்டெம்பர் 15, பின்னேரம் 4.10

குளிக்கச் சுடுதண்ணி வேணும்னு சொல்றவங்க கொயில் போட்டா பத்து நிமிசத்துல வாளி சூடாகும்னு நினைப்பாங்க, அதுவும் சேர்த்து எழுதுங்க வயர்மேன்.

வயர்மேன், செப்டெம்பர் 15, இரவு 7.00

15 லீட்டர் வாளி, 20 பாகைத் தண்ணி, 38 பாகைக்கு ஏத்தணும். ஆயிரம் வாட்டுக்கு 19 நிமிசம், அதுவும் சூடு வெளியே போகாட்டி. உண்மையில 20ஐத் தாண்டும். அறைக்கு நாலு பேருன்னா ஒன்றரை மணித்தியாலம். அதுக்குள்ள லெக்சர் முடிஞ்சிடும். கொயில் ஓடிக்கிட்டு இருக்கும்போது தண்ணி சூடான்னு விரலை விட்டுப் பார்க்கிறவங்கதான் ஷொக் வாங்குறவங்க. தண்ணி குறைஞ்சு கொயில் வெளியே தெரிஞ்சா அது வெடிக்கும், வாளியும் உருகும்.

ஹந்தானை, செப்டெம்பர் 15, இரவு 7.45

குளிக்கிற நேரத்தை மாத்துறது கொயிலை விட மலிவு. தண்ணித் தாங்கி கூரை மேல இருந்தா வெயில் நாள்ல பின்னேரம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் தண்ணி இதமா இருக்கும். விடியக்காலை ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் எல்லாரும் ஒண்ணாத் திறப்பாங்க, மேல் மாடிக்குத் தண்ணி ஏறாது. அதனால மேல் மாடியில இருக்கிறவங்க இரவே ஒரு வாளி பிடிச்சு மூடி வைக்கணும். மூடாட்டி நுளம்பு முட்டை போடும், பிறகு டெங்குன்னு அழணும். வாளி மூடியோட வாங்குங்க, 15 லீட்டர். 20 லீட்டர் நிரப்பினா மாடிப்படியில தூக்க முடியாது.

கிளிநொச்சி அக்கா, செப்டெம்பர் 16, காலை 9.30

துணி காயுற விசயத்தை விபரமாச் சொல்லுங்கோ. இங்க அரை மணித்தியாலத்தில காயும், அதால தம்பிக்கு அந்த யோசனையே இல்லை.

முன்னாள் சப் வோர்டன், செப்டெம்பர் 16, இரவு 10.15

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் முதல் இரண்டு மாதங்களில் ஹொஸ்டலில் பிள்ளைகள் படும் பாட்டில் பாதி இதில்தான் இருக்கிறது.

ஜீன்ஸ் ஒன்றுக்கு மேல் வேண்டாம். டெனிம் துணி தடித்தது, தையல் விளிம்பு நான்கு மடிப்பு, அங்கே ஈரம் நின்றுவிடும். மழைக்காலத்தில் மூன்று நாள். மெல்லிய பொலியெஸ்டர் கலந்த காற்சட்டை மூன்று, டீ ஷர்ட் ஆறு, உள்ளாடை பத்து. உள்ளாடை பத்து என்பதைக் குறைக்க வேண்டாம். ஈரமான உள்ளாடையை அவசரத்துக்குப் போடுவதில்தான் தொடையிடுக்கில் படர்தாமரை ஆரம்பிக்கிறது.

நைலோன் கயிறு ஆறு மீட்டர், நான்கு மில்லிமீட்டர் தடிப்பு. அறைக்குள் கட்டும்போது ஜன்னலுக்குச் சமாந்தரமாகக் கட்டாமல், ஜன்னலில் இருந்து கதவுப் பக்கம் போகிற மாதிரிக் கட்டுங்கள். காற்று அந்த வழியாகத்தான் ஓடும், துணி குறுக்கே நின்றால் பின்வரிசை காயாது. துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி. பிழிந்த துணியை உலர்ந்த துவாயில் வைத்துச் சுருட்டி, முறுக்கி, அதன் மேல் முழங்காலால் அழுத்தினால் மிஞ்சின தண்ணீரில் பெரும்பகுதி துவாய்க்குப் போகும். காய்கிற நேரம் ஏறக்குறைய பாதியாகும். பிறகு துவாயை முதலில் காயப்போட வேண்டும், அதை மறந்தால் அதுவும் நாறும். சின்ன மேசைக் காத்தாடியைத் துணியை நோக்கித் திருப்பி வைத்தால் ஓர் இரவில் டீ ஷர்ட் காயும். வயர்மேன் கோபப்படமாட்டார், அது 50 வாட் அளவுதான்.

சனி, ஞாயிறு துவைக்காதீர்கள். எல்லாரும் அன்றுதான் துவைப்பார்கள், கயிறு கிடைக்காது. புதன்கிழமை துவையுங்கள்.

கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டாம். வெளிச்சுவர் இரவில் குளிர்ந்து வியர்க்கும், மெத்தையின் அந்தப் பக்கம் கறுப்புப் புள்ளி விழும். ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். மாதம் ஒருமுறை மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து ஒரு பகல் விடுங்கள். அலுமாரியில் ஒவ்வொரு தட்டுக்கும் மரக்கரி ஒரு கைப்பிடியைப் பழைய காலுறையில் போட்டுக் கட்டி வையுங்கள்.

பசறை ரோட்டு, செப்டெம்பர் 17, காலை 6.30

கரி அலுமாரிக்கா, இல்ல சோளம் சுடவா?

முன்னாள் சப் வோர்டன், செப்டெம்பர் 19, இரவு 9.00

கரி பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். கரி மணத்தை இழுக்கும், ஈரத்தைக் கொஞ்சம்தான் இழுக்கும். ஒரு கைப்பிடிக் கரியை நம்பி அலுமாரியை மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் பூஞ்சணம் கரி மேலேயே பூக்கும். காற்றில் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணத்துக்கு அது போதும், மழைக்காலத்தில் அறை எப்போதும் அதற்கு மேல்தான். ஆகவே தினமும் ஆள் அறையில் இருக்கும்போது அலுமாரிக் கதவை ஒரு மணித்தியாலம் திறந்து விடுவதுதான் மருந்து. முழுதாகக் காயாத துணியை உள்ளே மடித்து வைக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய மருந்து. தோல் சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

பொகவந்தலாவை தங்கச்சி, செப்டெம்பர் 21, மாலை 6.20

எனக்கும் பேராதனைதான், கலைப் பீடம். கம்பளி பிரச்சினை இல்ல, நாங்க பொறந்ததே குளிர்ல. ஹொஸ்டலுக்கு விண்ணப்பிக்க வருமானம், தூரம் எல்லாம் காட்டணுமாம். தோட்டத்து லய வீட்டுல இருக்கிறவங்க என்னத்தைக் காட்டுறது? கரண்ட் பில் எங்க பேர்ல இல்ல.

முன்னாள் சப் வோர்டன், செப்டெம்பர் 21, இரவு 8.45

மகள், இதைக் கவனமாகச் செய்யுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் தகுதி இருந்தும் கடதாசியில் தோற்பது இங்கேதான்.

வதிவிடத்துக்குக் கிராம சேவகர் சான்றிதழ், பிரதேச செயலகத்தின் கையொப்பத்தோடு. பில் இல்லாவிட்டால் அதை ஈடுசெய்யத் தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் கேளுங்கள்: தோட்டம், டிவிசன், லய இலக்கம், எத்தனை வருடமாக வசிக்கிறீர்கள் என்று. கந்தோரில் எழுதித் தர ஒரு கிழமை இழுப்பார்கள், ஆகவே கடைசி நாளுக்கு முன் இல்லை, இன்றைக்கே கேளுங்கள். வருமானத்துக்கு அப்பா, அம்மா இருவரும் தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளர்கள் என்றால் இருவருடைய சம்பளச் சீட்டும், ஒரு மாதத்துக்கு இல்லை, மூன்று மாதத்துக்கு. கொழுந்து நிறைந்த மாதத்துச் சீட்டு மட்டும் காட்டினால் வருமானம் கூடுதலாகத் தெரியும். வேலை நாள் குறைந்த மாதமும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

பெயர் எழுத்துகளைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், பாடசாலைப் பதிவில் மூன்றாவது விதம். தோட்டப் பிறப்புப் பதிவுகளில் இது சாதாரணம். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து, அதன் பிரதி ஐந்து எடுத்து வையுங்கள். பதிவு நாளில் வரிசையில் நிற்கும்போது கேட்டால் ஹட்டனுக்குத் திரும்பி ஓட முடியாது.

ஹந்தானை, செப்டெம்பர் 21, இரவு 9.20

தூரம் பற்றி ஒண்ணு சேர்க்கிறேன். வரைபடத்துல நேர்கோடு போட்டா பொகவந்தலாவை பக்கத்துல இருக்கிற மாதிரித் தெரியும். ரோட்டு அப்படியா இருக்கு? விண்ணப்பத்துல கிலோமீட்டரோட நிக்காம வழியை எழுதுங்க: தோட்டத்துல இருந்து டவுனுக்கு, அங்க இருந்து ஹட்டன், ஹட்டன்ல இருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியா பேராதனை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முதல் நேரம், கடைசி நேரம் எழுதுங்க. பின்னேரம் லெக்சர் முடிஞ்சா கடைசி பஸ் பிடிக்க முடியாதுங்கிறது அப்போதான் எழுத்துல தெரியும். முதல் வருசத்துக்கும் இறுதி வருசத்துக்கும் பொதுவா முன்னுரிமை இருக்கு. நடு வருசங்கள்லதான் போர்டிங் தேடி அலையணும்.

தபாலையும் நம்பாதீங்க. தோட்டத்துக் கடிதம் கந்தோருக்குப் போய், அங்க இருந்து டிவிசனுக்கு வந்து சேர்றதுக்குள்ள திகதி போயிடும். டவுன்ல தெரிஞ்ச கடை விலாசம் ஒண்ணு குடுங்க, இணையத்துல தினமும் பாருங்க.

பொகவந்தலாவை தங்கச்சி, செப்டெம்பர் 22, காலை 7.05

அப்பா இப்பவே கந்தோருக்குப் போறார். நன்றி ஐயா, நன்றி அண்ணா.

பசறை ரோட்டு, செப்டெம்பர் 24, இரவு 11.10

பதுளைப் பக்கம் ஊவா வெல்லஸ்ஸவுக்கு வர்றவங்களுக்கு: மேல எழுதின மழைக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பேராதனையில மே மாசத்துல இருந்து தென்மேற்குப் பருவம், பிறகு ஒக்டோபர், நவம்பர் இடி மழை. பதுளையில தென்மேற்கு மழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துடும். ஜூன், ஜூலையில இங்க காத்தும் வெயிலும், துணி ஒரு மணித்தியாலத்துல காயும். எங்களுக்கு வினை நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும், வடகீழ்ப் பருவம். சறுக்காத செருப்பு கட்டாயம். இந்த மலையில ஏறுறது கஷ்டம் இல்ல, இறங்குறதுதான். குடை வேண்டாம், மழையங்கி. காத்துக்குக் குடை தாமரைப் பூவாகும்.

கிளிநொச்சி அக்கா, செப்டெம்பர் 25, காலை 8.00

ஹோல் பெயரெல்லாம் ஒரே குழப்பமா இருக்கு. அருணாசலம், இராமநாதன், அக்பர், மார்ஸ் எண்டு கதைக்கினம். எது எங்க?

ஹந்தானை, செப்டெம்பர் 25, பகல் 1.15

யாருக்கு எந்த ஹோல்னு வருசத்துக்கு வருசம் மாறும், அதனால கடிதம் வந்த பிறகு பாருங்க. மகாவலிக்கு ஒரு கரையில பொறியியல் பீடம், மறு கரையில கலைப் பீடமும் செனட் கட்டடமும். நடுவுல அக்பர் பாலம், நடந்து போறது. எந்தக் கரையில கட்டில் கிடைச்சிருக்குன்னு முதல்ல கேளுங்க, காலையில இருபது நிமிசம் அதுல இருக்கு. கண்டிப் பக்கத்துல இருந்து பஸ்ல வந்தா கலஹா சந்தியில இறங்குங்க. கோச்சியில வந்தா சரசவி உயன, இல்லாட்டி பேராதனைச் சந்தி. கடுகதி எல்லாம் சரசவி உயனவில நிக்காது.

அருணாசலமும் இராமநாதனும் அண்ணன் தம்பி. அருணாசலம் அண்ணன்.

முன்னாள் சப் வோர்டன், செப்டெம்பர் 25, இரவு 9.40

இராமநாதன்தான் அண்ணன், 1851. அருணாசலம் 1853. இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று முன்னின்றவர் தம்பி. பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, 1952இல் பேராதனைக்கு வந்தது. ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தர், ஷேர்லி டி அல்விஸ் கட்டடக் கலைஞர். தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகமாகவே திட்டமிட்டது என்பதால்தான் விரிவுரை மண்டபம் போலவே ஹோல்களும் அழகாக இருக்கின்றன. அந்தக் கூரைச் சாய்வும் அகன்ற தாழ்வாரமும் அலங்காரத்துக்கு அல்ல, மழைக்கு. தாழ்வாரத்தில் கயிறு கட்ட விட்டால் துணிப் பிரச்சினை பாதி தீரும், ஆனால் விடமாட்டார்கள், நானே விட்டதில்லை.

ஹந்தானை, செப்டெம்பர் 25, இரவு 9.52

சரி, தம்பியை அண்ணனாக்கினது பிழைதான். ஹொஸ்டல்ல அது வழக்கம்.

வயர்மேன், செப்டெம்பர் 26, காலை 10.00

அண்ணன் விளையாட்டுன்னதும் ராகிங்கும் எழுதிடுங்க. மறைச்சு என்ன பிரயோசனம்.

முன்னாள் சப் வோர்டன், செப்டெம்பர் 27, இரவு 8.30

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். பகிடிவதை குற்றம், இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லை அல்லது கடுங்காயம் என்றால் பத்து வருடம் வரை. புதியவர்கள் பலருக்கு இது வழக்கம், பொறுத்துக்கொள்ள வேண்டியது என்று சொல்லப்படுகிறது. இல்லை.

முறைப்பாடு தோற்பது பெரும்பாலும் விபரம் இல்லாததால். "சீனியர்கள் தொந்தரவு செய்தார்கள்" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. திகதி, நேரம், எந்த ஹோல், எந்த மாடி, யார் யார், என்ன சொன்னார்கள் என்ற சொற்கள் அப்படியே, யார் பார்த்தார்கள். அன்றிரவே போனில் எழுதி, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்; அனுப்பிய நேரமே சாட்சி. வட்ஸ்அப் செய்தி வந்தால் அழிக்கப்படுமுன் படம் பிடியுங்கள். வோர்டனிடம் சொல்லத் தயக்கம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையத்தில் நேரடியாக முறையிடலாம்.

குப்பி வேறு, ராகிங் வேறு. சீனியர் பரீட்சைக்கு முன் இருந்து பாடம் சொல்லிக்கொடுப்பது குப்பி, அது தங்கம். ஆனால் குப்பிக்கு வர வேண்டுமானால் இன்னதைச் செய் என்று நிபந்தனை வந்தால் அது குப்பி இல்லை.

தாதி, செப்டெம்பர் 29, அதிகாலை 2.20

இரவு டியூட்டியில வாசிச்சேன். ஹொஸ்டல் நோய்கள் பற்றி யாரும் எழுதல.

உடம்பு அரிக்கும், இரவுல கூடும், விரல் இடுக்குல, மணிக்கட்டுல, தொப்புளைச் சுத்திச் சின்னப் பொருக்கு இருக்கும்னா சிரங்குப் பூச்சியா இருக்கலாம், டொக்டர்கிட்ட காட்டுங்க. 5 சதவீத பெர்மெத்ரின் கிறீம் தருவாங்க. கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும், நக இடுக்கும் விடாம, எட்டுல இருந்து பதினாலு மணித்தியாலம். ஒரு கிழமைக்குப் பிறகு மறுபடியும். அரிக்கிற இடத்துல மட்டும் பூசறதாலயும், அறையில ஒருத்தர் மட்டும் பூசறதாலயும்தான் திரும்பத் திரும்ப வருது. அறையில இருக்கிற நாலு பேரும் ஒரே இரவுல பூசணும். துணி, விரிப்பைச் சுடுதண்ணியில துவைக்க வழி இல்லாட்டி பிளாஸ்டிக் பேக்ல இறுக்கிக் கட்டி ஒரு கிழமை வைங்க, மனுசத் தோல் இல்லாம அந்தப் பூச்சி நாலு நாள்கூடத் தாக்குப் பிடிக்காது. மருந்து போட்டும் ரெண்டு மூணு கிழமை அரிப்பு இருக்கும், அதுக்காக மறுபடி மறுபடி பூசாதீங்க.

காய்ச்சல்னா பரசிட்டமோல் மட்டும். 500 மில்லிகிராம் குளிசை ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளைக்கு எட்டுக்கு மேல இல்ல. அஸ்பிரின், இபுபுரூபன் தொடவே கூடாது, டெங்குன்னா இரத்தம் கசியும். மூணாவது நாளும் காய்ச்சல்னா இரத்தம் பாருங்க.

ஹந்தானை, செப்டெம்பர் 29, காலை 8.10

அப்ப மூட்டைப்பூச்சிக்கும் பேக்ல கட்டி வைச்சா சரிதானே?

தாதி, செப்டெம்பர் 29, மாலை 6.00

இல்ல, அதுதான் எல்லாரும் விடுற பிழை. மூட்டைப்பூச்சி இரத்தம் குடிக்காம மாசக்கணக்குல இருக்கும். ஒரு கிழமை பேக்ல கட்டினா அதுக்கு விடுமுறை. அதுக்குச் சூடுதான்: 50 பாகைக்கு மேல. நம்ம மலை வெயில் அந்த அளவு ஏறாது. கட்டில் இரும்புன்னா கொதிதண்ணியை மூட்டு மூட்டா ஊத்தணும், மெத்தைத் தையலைப் பல் துலக்குற பிரஷ்ஷால தேய்க்கணும், பிறகு வோர்டன்கிட்ட சொல்லி மருந்து அடிக்க வைக்கணும்.

இன்னொண்ணு, மேல எழுதின பரசிட்டமோல் அளவு 50 கிலோவுக்கு மேல உள்ளவங்களுக்கு. குறைஞ்சவங்க கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு கணக்குப் போடுங்க. 40 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 600, அதாவது ஒரு குளிசையோட நிறுத்தினாப் போதும்.

கிளிநொச்சி அக்கா, ஒக்டோபர் 3, இரவு 7.30

சாப்பாடு? அம்மா தேங்காய்ச் சம்பல் கட்டிக் குடுக்கப்போறாவாம்.

ஆசிரிய மாணவி, பத்தனை, ஒக்டோபர் 3, இரவு 8.15

தேங்காய்ச் சம்பல் கண்டி போய்ச் சேர முன்னமே புளிச்சிடும். சீனிச் சம்பல் செய்யச் சொல்லுங்க. பெரிய வெங்காயம் ஒரு கிலோ மெல்லிசா அரிஞ்சு, எண்ணெய் ஒரு டம்ளர் விட்டு, நெருப்பைக் குறைச்சு முக்கால் மணித்தியாலம் வதக்கணும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினா வெங்காயம் கருகும், உள்ளே தண்ணி நிக்கும், அந்தத் தண்ணிதான் பழுதாக்கும். நல்லாச் சுருண்ட பிறகு இடிச்ச மிளகாய், மாசித் தூள் 50 கிராம், புளி, உப்பு, கடைசியில சீனி ரெண்டு மேசைக்கரண்டி. எண்ணெய் பிரிஞ்சு மேல நிக்கணும். ஆறினதுக்குப் பிறகு காய்ஞ்ச போத்தல்ல. ரெண்டு கிழமை நிக்கும், ஈரக் கரண்டி போடாம இருந்தா. அறையில நாலு பேர் இருந்தா மூணு நாள், அது பழுதாகிறதால இல்ல.

பசறை ரோட்டு, ஒக்டோபர் 3, இரவு 8.40

பேராதனையில ஜன்னலைத் திறந்து வைச்சிட்டு லெக்சருக்குப் போனா மூணு நிமிசம். குரங்கு.

ஹந்தானை, ஒக்டோபர் 4, காலை 6.50

குரங்கு போத்தல் மூடியைத் திறக்கும், பிஸ்கட் டின்னைத் திறக்கும், கொக்கி போட்ட ஜன்னலைத் திறக்காது. காயப்போட்ட துணியையும் இழுக்கும். அட்டைக்கு: புல்லுக்குள்ள போறதுக்கு முன்ன காலுறைக்கு வெளியே சவர்க்காரத்தைக் காய்ஞ்சபடியே தேய்ங்க. கடிச்சிட்டா பிச்சு இழுக்காதீங்க, நகத்தை அதோட வாய்க்கு அடியில விட்டுத் தள்ளுங்க.

சிங்களம் தெரியாத பிள்ளைகளுக்கு முதல் நாள் ரெண்டே சொல் போதும். வத்துர, தண்ணி. யத்துர, சாவி. ரெண்டும் மாறினா காவல்காரர் சாவி கேட்டவனைக் குழாய்க்குக் கூட்டிப் போவார்.

வயர்மேன், ஒக்டோபர் 4, பகல் 12.30

சாவின்னதும் ஞாபகம்: பூட்டு ரெண்டு, அலுமாரிக்கு ஒண்ணு, பெட்டிக்கு ஒண்ணு. பெருசா இருந்தாத்தான் பாதுகாப்புன்னு 60 மில்லிமீட்டர் பூட்டு வாங்குவாங்க. அலுமாரிக் கொண்டி ஓட்டைக்குள்ள அந்த வளையம் போகாது. 40 மில்லிமீட்டர் வாங்குங்க, வளையம் ஆறு மில்லிமீட்டர். மழைக்காலத்துல இரும்புப் பூட்டு துருப்பிடிச்சு இறுகும், பித்தளை நல்லது. மாற்றுச் சாவியை அதே சாவிக்கொத்துல போட்டு வைக்கிறவங்களுக்கு என்னத்தைச் சொல்ல.

பொகவந்தலாவை தங்கச்சி, ஒக்டோபர் 19, இரவு 9.00

கட்டில் கிடைச்சிருச்சு! கந்தோர் கடிதம் வேலை செஞ்சுது. மகாபொலப் புலமைப்பரிசில் காசு எப்ப வரும்?

முன்னாள் சப் வோர்டன், ஒக்டோபர் 19, இரவு 9.35

வாழ்த்துகள் மகள். மகாபொல பதிவு முடிந்த உடனே வராது. முதல் கொடுப்பனவுக்கு மாதங்கள் போகும், பிறகு விடுபட்டது சேர்ந்து வரும். ஆகவே முதல் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்: சாப்பாடு, பஸ், போட்டோ பிரதி. முதல் மாதத்தில் வாளி, மெத்தை விரிப்பு, பூட்டு, பிளக் என்று ஒருமுறைச் செலவு தனியாக இருக்கும், அதைக் கண்டி டவுனில் வாங்குங்கள், ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். சேர்ந்து வரும் பணத்துக்கு முன்கூட்டியே போன் வாங்கக் கடன் படாதீர்கள்.

கிளிநொச்சி அக்கா, நவம்பர் 8, காலை 6.40

தம்பி போய் மூண்டு கிழமை. அம்மா கட்டி விட்ட ரெண்டு கம்பளியில ஒண்டு மழையில நனைஞ்சு இன்னும் காயேல்லையாம். மற்றதை விரிச்சுப் படுக்கிறானாம், போர்க்கிறதில்லையாம். வாளியையும் ஆரோ கொண்டு போட்டினமாம்.

ஹந்தானை, நவம்பர் 8, காலை 7.20

நனைஞ்ச கம்பளியை மடிச்சு வைக்க விடாதீங்க. கட்டில் தலைமாட்டுச் சட்டத்துல ஒரு படையா விரிச்சு, காத்தாடியைத் திருப்பி, காலையிலயும் இரவுலயும் பக்கம் மாத்தச் சொல்லுங்க. மூணு நாள்.

வாளியில பெயின்ட்டால பேரும் அறை இலக்கமும் எழுதணும். மூடியில எழுதாதீங்க, வாளியில. மூடி மட்டும் திரும்பி வரும்.